கூம்புக் குழாயும் ஜீவாளியும்: ஒலித்திரிபின் மீதான விருப்பம் குறித்து

மீட்டொலிக்கும் கருவி, மூல இசையில் இல்லாத சீரிசைகளைச் சிறிதளவு சேர்த்தால் கேட்போர் அதனை விரும்புகின்றனரா என்னும் வினாவைக் கம்பம் பள்ளத்தாக்கின் கேள்வி வரலாற்றோடு பொருத்தி நோக்குகிறது இக்கட்டுரை. உத்தமபாளையம் வட்டாரத் திருவிழாக்களில் முழங்கிய கூம்புக் குழாயின் ஒலியை மக்கள் விரும்பினர். அதனைக் கொண்டே அவர்கள் ஒலித்திரிபை விரும்பினர் என முடிவு செய்தல் பொருந்தாது என்பது இதன் வாதம்.

சீரிசைச் செறிவை நாடும் செவி தமிழிசைக்குப் புதியதன்று. தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகப்படும் ஜீவாளி ஒரு சிறு நூலிழைதான். ஆயினும் தந்தி குதிரையின் வளைந்த பரப்பைத் தொட்டுத் தொட்டு அதிருமாறு அது செய்வதால் மேற்சுரங்கள் பெருகுகின்றன. தந்தியை மீட்டும் புள்ளியில் கணு அமையும் மேற்சுரங்கள் ஒலிக்கா என்னும் விதி தம்புராவிலும் வீணையிலும் பொய்த்துவிடுவதைத் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1921இல் எடுத்துக்காட்டினார். இரண்டாம் சீரிசை மேல் ஸட்ஜம். மூன்றாவது அதற்கும் மேலுள்ள பஞ்சமம். ஐந்தாவது அந்தர காந்தாரம். எந்தத் தந்தியிலும் சேர்க்கப்படாத காந்தாரம் தானே ஒலிப்பதால் அதனைச் சுயம்பு சுரம் என்பர்.

ஒற்றை வால்வு வெளியீட்டுப் பெருக்கி மிகுதியாகச் சேர்ப்பதும் இரண்டாம் சீரிசையே. எனவே இரண்டையும் ஒன்றெனக் கருதத் தோன்றும். ஆனால் ஜீவாளி ஒரு தந்தியின் சுருதியை மட்டுமே செறிவாக்குகிறது. பெருக்கியின் திரிபோ பாட்டு, வயலின், மிருதங்கம் அனைத்தும் கலந்த அலையின்மீது செயற்பட்டு, அவற்றின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் புதிய ஒலிகளைப் பிறப்பிக்கிறது. அவை பெரும்பாலும் சுருதியோடு இசைவதில்லை. திரிபைப் புகழ்வோர் பலர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

இனிப் பள்ளத்தாக்கிற்கு வருவோம். உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன், 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடியவர். அவர் தம்பி இளையராஜா அக்குழுவின் திறந்தவெளி மேடைகளில் பயின்றவர். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது அதன் பாடல்கள் இவ்வூர்களுக்கு வானொலி வழியாகவும் 'ரேடியோ செட்' வழியாகவும் வந்தன. திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா ஆகியவற்றிற்குத் தென்னையிலோ கம்பத்திலோ குழாய் கட்டுவது வழக்கம். விழா நிகழ்கிறது என்பதற்கு அவ்வொலியே அறிவிப்பு. முல்லைப் பெரியாற்று வயல்களைக் கடந்து அது அடுத்த ஊரை எட்டவேண்டும். அதற்காகவே கூம்பு தன் ஆற்றலை நடு அதிர்வெண்களில் குவிக்கிறது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவை அதில் வெளிப்படுவதில்லை. மிருதங்கத்தின் தொப்பியும் பாஸ் கிதாரும் தம் மேற்சுரங்களால் மட்டுமே உணரப்படுகின்றன, அடித்தொனியைச் செவி ஊகித்துக்கொள்கிறது. குழாயின் குறுகிய தொண்டையில் மிகை அழுத்தத்திற்கு உள்ளாகும் காற்றும் தன் பங்கிற்கு இரண்டாம் சீரிசையைச் சேர்க்கிறது. 1978இல் வந்த 'பிரியா' ஸ்டீரியோ முறையில் பதிவானது. தென்னையில் தொங்கிய குழாய்க்கு அவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று.

இவ்விருப்பத்தை எவ்வாறு விளக்குவது? அமெரிக்காவில் 1945இல் சின், ஐசன்பர்க் ஆகியோர் நடத்திய சோதனையில் பெரும்பாலோர் குறுகிய அதிர்வெண் வீச்சையே விரும்பினர். 1947இல் ஆல்சன், திரைக்குப் பின்னால் இசைக்குழுவை நேரடியாக வாசிக்கச் செய்து, ஒலியியல் வடிகட்டியால் வீச்சைக் குறைத்தும் கூட்டியும் கேட்கச் செய்தபோது பெரும்பாலோர் முழு வீச்சையே தேர்ந்தனர். முந்தைய சோதனையில் மக்கள் ஒதுக்கியது உயர் சுரங்களையன்று, அவற்றோடு வெளிப்பட்ட திரிபையே என்னும் விளக்கம் அதனால் வலுப்பெற்றது. கிர்க் 1956இல் காட்டியது பள்ளத்தாக்கிற்கு இன்னும் நெருக்கமானது: சில வாரங்கள் குறுகிய வீச்சில் இசை கேட்டுப் பழகியோரின் விருப்பம் அதனை நோக்கியே நகர்ந்தது. இருபது ஆண்டுகள் குழாயொலியில் பாட்டும் திருவிழாவும் பிணைந்திருந்த ஊரில், சீரிசைகளின் இயல்பான இனிமையைவிடப் பழக்கமே வலுவான காரணம் எனக் கொள்ளலாம்.

ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தபின் கூம்பு வடிவ ஒலிபெருக்கிகள் கட்டுப்பாட்டிற்குள்ளாயின; பெட்டி ஒலிபெருக்கிகள் அவ்விடத்தைப் பிடித்தன. ஊர் அமைதிக்கு அது நன்றே. ஆனால் பழைய இசைத்தட்டுகளை எண்மப்படுத்துவோர் கீறலொலி நீக்கிய 'தூய' ஒலியையே நாடுகின்றனர்; உத்தமபாளையம் கேட்டது அதுவன்று. இயங்கும் நிலையிலுள்ள பழைய பெருக்கியையும் குழாயையும் கண்டறிந்து, அவ்விசைத்தட்டுகளை அவற்றில் ஒலிக்கச் செய்து, வயலின் மறுகரையில் ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்யும் களப்பணி இக்கருவிகள் பழைய இரும்புக் கடைகளுக்குப் போகுமுன் தொடங்கப்பட வேண்டும்.