மில் தரையில் ஒரு மலைப்பாதை

மலையேற்றம் என்றால் எனக்கு ரொம்ப நாள் வரைக்கும் பழனிப் படிக்கட்டுதான். மேலே போனோமா, பஞ்சாமிர்தம் வாங்கினோமா, விஞ்ச்சில் இறங்கினோமா என்று இருந்தவன். ஆன்சைட் என்று மான்செஸ்டருக்கு அனுப்பினார்கள். அங்கே டீமில் ஒரு வெள்ளைக்காரர், வயது ஐம்பதுக்கு மேல். சனிக்கிழமை ஆனால் மழையோ பனியோ, பூட்ஸை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவார். ஒரு நாள் "நீயும் வா" என்றார். வாய் தவறி சரி சொல்லிவிட்டேன்.

போனது ஹேஃபீல்ட் என்ற சின்ன ஊர். ஊருக்கு வெளியே பழைய கல் குவாரி ஒன்று, இப்போது கார் நிறுத்துமிடம். பாறையில் ஒரு பலகை பதித்திருந்தார்கள். 1932, ஏப்ரல் 24, கிண்டர் ஸ்கவுட் அத்துமீறல் இங்கிருந்துதான் தொடங்கியது என்கிற அர்த்தத்தில். மலையேறப் போனதுக்கு பலகையா என்று சிரிப்பு வந்தது. கதையைக் கேட்டபிறகு சிரிப்பு போய்விட்டது.

கிண்டர் ஸ்கவுட் 636 மீட்டர் உயரம். நம்ம ஊர்க் கணக்கில் குன்று. ஆனால் மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு ஊரிலும் வாரம் முழுக்கப் புகையிலும் பஞ்சுத் தூசியிலும் வேலை பார்த்த ஜனங்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நல்ல காற்று வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரிகிற இடம் அதுதான். ஆனால் கால் வைக்க முடியாது. மலை டெவன்ஷயர் பிரபுவுக்குச் சொந்தம். எதற்கு வைத்திருந்தார்? க்ரௌஸ் என்கிற காட்டுக்கோழி சுட. ஆகஸ்ட் 12-ஆம் தேதி சீசன் ஆரம்பம். வருஷத்தில் சில நாள் சுடுவதற்காக மிச்ச நாளெல்லாம் காவலாள் போட்டு மலையைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

1932-இல் பென்னி ராத்மேன் என்ற 20 வயசு மெக்கானிக்கும் சில பையன்களும், "எல்லாரும் சேர்ந்து ஏறுவோம், என்ன செய்கிறார்கள் பார்ப்போம்" என்று அறிவித்தார்கள். ராத்மேனைத் தடுக்க ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்க, அவர் சைக்கிளில் வந்து சேர்ந்துவிட்டார். சுமார் 400 பேர். வில்லியம் கிளஃப் என்கிற ஓடைப் பள்ளத்தாக்கு வழியாக ஏறினார்கள். நடுவில் பிரபுவின் காவலாட்களோடு கைகலப்பு. ஒரு காவலாளுக்குக் காலில் அடி. திரும்பி வந்தபோது போலீஸ் காத்திருந்தது. மொத்தம் 6 பேர் மேல் வழக்கு.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்துச் சட்டப்படி அடுத்தவர் நிலத்தில் நடப்பது கிரிமினல் குற்றமே கிடையாது. அதனால் கலகம் பண்ணக் கூடினார்கள் என்று வழக்குப் போட்டார்கள். டர்பி நீதிமன்றத்தில் உட்கார்ந்த கிராண்ட் ஜூரியில் ராணுவ அதிகாரிகளும் நிலக்கிழார்களும்தான் நிறைந்திருந்தார்கள். தீர்ப்பு எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. 5 பேருக்கு 2 முதல் 6 மாதம் வரை ஜெயில். ராத்மேனுக்கு 4 மாதம். மலையேறியதுக்கு!

இன்னொரு வேடிக்கை, அப்போதிருந்த நடைபயணச் சங்கங்களே இந்தப் பையன்களைக் கண்டித்தன. "நாங்கள் நைச்சியமாகப் பேசி வாங்கிக்கொண்டிருந்ததை கெடுத்துவிட்டார்கள்" என்று. ஆனால் தண்டனையைப் பார்த்ததும் ஜனங்களின் அனுதாபம் பையன்கள் பக்கம் திரும்பியது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1935-இல் டாம் ஸ்டீஃபன்சன் என்ற பத்திரிகையாளர், இங்கிலாந்தின் முதுகெலும்பு மாதிரி இருக்கிற பென்னைன் மலைத்தொடர் நெடுக ஒரு நடைபாதை வேண்டும் என்று எழுதினார். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-இல் இந்த மலை அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட், நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 1965-இல் ஸ்டீஃபன்சன் கேட்ட பாதை, பென்னைன் வே, சுமார் 430 கி.மீ. நீளத்துக்குத் திறக்கப்பட்டது. திறந்த தேதியும் ஏப்ரல் 24. 2000-இல் வந்த சட்டம் திறந்த மலைவெளியில் பாதையை விட்டு இறங்கி நடக்கவும் உரிமை தந்தது. 2002-இல், அத்துமீறலின் 70-ஆம் ஆண்டு விழாவில், அப்போதைய டெவன்ஷயர் பிரபு தன் தாத்தா செய்ததுக்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ராத்மேன் அதே வருஷம் ஜனவரியில் இறந்துவிட்டார். சில மாதம் முந்தியிருந்தால் காதால் கேட்டிருப்பார்.

இத்தோடு முடித்தால் நல்ல சினிமாக் கதை. ஏழை ஜெயித்தான், சுபம். என் நண்பர் முடிக்க விடவில்லை. அதைத்தான் இந்தப் பதிவில் எழுத நினைத்தேன்.

வில்லியம் கிளஃப் ஏறி மேலே போனால் சமவெளி மாதிரி விரிகிறது. அங்கே ஒரு கல் பாதை. ஆளுயரப் பலகைக் கற்களை வரிசையாகப் போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். எதிரே ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மரியாதையாக வழி விடுவோமே என்று கல்லை விட்டு ஒரு அடி இறங்கினேன். முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. இழுக்க இழுக்க கறுப்புச் சேறு சப்தம் போடுகிறது. நண்பர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு முதல் முறையாக என்னிடம் கோபப்பட்டார். "நீ நின்று அவர்களைப் போகச் சொல்லியிருக்கலாம். கல் போட்டிருப்பது உன் பூட்ஸுக்காக இல்லை, மண்ணுக்காக."

அந்த மண்ணுக்குப் பேர் பீட். செடியும் பாசியும் செத்து, தண்ணீரில் ஊறி, மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்தது. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். அப்படியென்றால் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஆயிரம் வருஷம். அதைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது மேலே இருக்கிற பாசியும் புல்லும்தான். அது மிதிபட்டுச் செத்தால் மழை மண்ணைக் கரைத்துக்கொண்டு போய்விடும். காய்ந்த பீட் தான் பிடித்து வைத்திருந்த கார்பனையும் காற்றில் விட்டுவிடும்.

1965-க்குப் பிறகு என்ன ஆனது என்று இப்போது யூகித்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான கால்கள். நடுப்பாதை சேறாகும், அடுத்து வருகிறவர் ஓரமாகப் போவார். ஓரமும் சேறாகும், அதுக்கடுத்தவர் இன்னும் ஓரமாகப் போவார். யாருமே தப்புப் பண்ணவில்லை, ஆனால் பாதை வயல் அகலத்துக்குக் கறுப்பாக விரிந்துவிட்டது. எடேலில் இருந்து கிண்டர் உச்சிக்குப் போன பழைய வழியையே மாற்றி, ஜேக்கப்ஸ் லேடர் பக்கமாகத் திருப்ப வேண்டியதாயிற்று. போகவேண்டிய பிளாக் ஹில் என்ற மலையின் உச்சி, பெயருக்கேற்ற மாதிரி புல்லே இல்லாத கறுப்புச் சேறு. வழிகாட்டிப் புத்தகங்களால் புகழ்பெற்ற வெயின்ரைட்டே அங்கே சேற்றில் மாட்டிக்கொண்டு, ஆள் வந்து தூக்கிவிட்டிருக்கிறார். (அப்போ நான் எம்மாத்திரம்! :-))

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்போ அந்தப் பிரபு சொன்னது சரிதானே? ஜனங்களை விட்டால் மலை நாசமாகும் என்றுதானே சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

அவர் கீழே கிடந்த கல்லைக் காட்டினார். கல்லில் வட்டமாக ஒரு துளை. மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. "இது எதுக்குன்னு தெரியுமா? தறியோ வேறே மெஷினோ ஆடாமல் இருக்க போல்ட் அடிச்ச இடம்."

அந்தக் கற்களில் பல, இடிக்கப்பட்ட பஞ்சாலைகளின் தரைக்கற்கள். லங்காஷயர் மில்கள் ஒவ்வொன்றாக மூடி இடித்தபோது கிடைத்ததை வாங்கி, ஹெலிகாப்டரில் தூக்கிவந்து சேற்றின்மேல் பரப்பியிருக்கிறார்கள். அவருடைய பாட்டி ஓல்டாம் பக்கத்தில் ஒரு மில்லில் வேலை பார்த்தவராம். "எந்தக் கல்லுன்னு தெரியாது. ஆனா ஏதாவது ஒண்ணுல அவங்க நின்னிருப்பாங்கன்னு நினைச்சுக்குவேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு என் கேள்விக்கும் பதில் சொன்னார். பாதை ஓரம் கெட்டது நம் காலால், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மலையின் மற்ற பாகமெல்லாம், ஆள் நடக்காத இடமெல்லாம், ஏன் மொட்டையானது? நூற்றைம்பது வருஷம் சுற்றியிருந்த மில் சிம்னிகளின் நிலக்கரிப் புகை அமில மழையாக இறங்கி, பீட்டை உருவாக்குகிற ஸ்பாக்னம் பாசியைக் கொன்றது. அளவுக்கு மீறி ஆடு மேய்ந்தது. வறண்ட கோடையில் தீ பிடித்தது. பூட்டி வைத்த காலத்திலும் மலை செத்துக்கொண்டுதான் இருந்தது. வெளியே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். மில் வேலை ஜனங்களை மலைக்குத் துரத்தியது. மில் புகை மலையின் பாசியைக் கொன்றது. கடைசியில் மில்லின் தரையே மலைக் காயத்துக்குக் கட்டாக வந்து கிடக்கிறது. கோயம்புத்தூரைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணியபோது, இது ஒன்றும் தெரியாது.

கல் போட்டபோது நடக்கிறவர்களில் சிலரே எதிர்த்தார்கள். காட்டு மலையை நகரத்து பிளாட்பாரம் ஆக்கிவிட்டார்கள் என்று. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கல்லின் இருபுறமும் நான் பார்த்தது பச்சை. 2003-இல் இருந்து மூர்ஸ் ஃபார் தி ஃப்யூச்சர் என்ற கூட்டமைப்பு மொட்டை நிலத்தில் புல் விதைத்து, ஓடைகளில் சின்னச் சின்னத் தடுப்பு வைத்து, ஸ்பாக்னம் நட்டு வருகிறது. பிளாக் ஹில் உச்சியும் பச்சையாகிவிட்டது. பெயரை மாற்றவேண்டியிருக்கலாம்.

ஆனாலும் முடிந்த கதை இல்லை. 2018 ஜூனில் பக்கத்துச் சாடில்வொர்த் மூர் தீப்பிடித்து, அணைக்க ராணுவம் வரவேண்டியிருந்தது. பல வருஷம் நட்டது ஒரு வாரத்தில் போகலாம்.

எனக்குத் தோன்றியது இதுதான். மலையில் கால் வைக்க உரிமை கேட்டு ஜெயிலுக்குப் போனார்கள், அது சரி. அந்தக் காலை எங்கே வைக்கிறோம் என்பது அடுத்த பாடம், அதைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கே இன்னும் முப்பது நாற்பது வருஷம் பிடித்தது. மலையைப் பூட்டுவது சுலபம். திறந்து வைத்து, கல்லும் சுமந்து போடுவதுதான் கஷ்டம்.

அதற்குப்பிறகு நாலைந்து முறை போய்விட்டேன். எதிரே ஆள் வந்தால் கல்லிலேயே ஒருக்களித்து நிற்கிறேன். சேறு வந்தால் சுற்றிப் போவதில்லை, நடுவிலேயே இறங்கிப் போகிறேன். பூட்ஸைக் கழுவிக்கொள்ளலாம்.