மலையோடையின் குடிகளும் குடியேறிகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழ்த்திசையில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் அப்பலாச்சிய மலைத்தொடரில், டென்னஸீ, வட கரோலினா என்னும் இரண்டு ராஜ்யங்களுக்கும் எல்லையாக எழுந்து நிற்கும் சிகரவரிசைக்குக் கிரேட் ஸ்மோக்கி மலைகள் என்று பெயர். அடர்ந்த வனத்தின் சுவாசத்தில் பிறக்கும் நீலநிற மூட்டம் பள்ளத்தாக்குகளின்மேல் புகைபோலப் படிந்திருப்பதால் அந்தப் பெயர் வந்தது. அச்சிகரங்களுள் தலைமையானது 6,643 அடி உயரமுள்ள கூவோஹி. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு வெள்ளைக்கார அரசியல்வாதியின் பெயரால் கிளிங்மன்ஸ் டோம் என்று வழங்கிவந்த அதற்கு, அங்கே ஆதியில் வாழ்ந்த செரோக்கி மக்கள் இட்டிருந்த பெயரை 2024-இல்தான் அரசாங்கம் மீட்டுக் கொடுத்தது. உச்சியில் ஆண்டுதோறும் 80 அங்குலத்துக்கு மேல் பொழியும் மழை, பாசியிலும் வேரிலும் ஊறி, பாறைக்குப் பாறை தாவி, கோடையிலும் கை வைத்தால் விறைக்கும்படியான குளிர்ச்சியோடு நூற்றுக்கணக்கான ஓடைகளாக இறங்குகிறது. அந்த ஓடைகளில் டிரௌட் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் விநோதத்துக்காக இன்று ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். வனத்தில் தானே பிறந்து தானே வளரும் மீனைப் பிடிக்கிறோம் என்பது அவர்களுக்குப் பெருமிதம். அந்தப் பெருமிதத்தின் அடியில் ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் கிடக்கிறது.

இம்மலையின் சொந்தக் குடி என்று சொல்லத்தக்க டிரௌட் ஒன்றே ஒன்றுதான். ஓடை டிரௌட் எனப்படும் அது, சாஸ்திர முறைப்படி பார்த்தால், டிரௌட் வகையே அன்று, சார் என்னும் வடதுருவப் பக்கத்து மீன்களுக்கு உறவு. பனியுகத்தில் வடக்கெங்கும் உறைந்திருந்த காலத்தில் தெற்கே இறங்கிவந்த அம்மீன்கள், பின்பு பூமி வெப்பமுற்றபோது, குளிர்ந்த ஜலம் எங்கே இருக்கிறதோ அங்கேயே தங்கவேண்டியவையாகி, மலையின் மேற்பகுதிகளில் அகப்பட்டுக்கொண்டன. பச்சை படர்ந்த முதுகில் புழு ஊர்ந்த தடம்போன்ற வரிகள், விலாவில் நீல வளையம் சூழ்ந்த செம்புள்ளிகள், செந்நிறத் துடுப்பின் ஓரத்தில் பால்வெண்மையாக ஒரு கோடு. அழகில் அதற்கு நிகர் சொல்வது கடினம். ஆனால் உருவத்தில் சிறியது. சத்துக் குறைந்த மலைநீரில் ஒன்பது அங்குலம் வளர்ந்தால் அது பெரிய மீன். மலைவாசிகள் அதை வாத்சல்யத்தோடு ‘ஸ்பெக்’ என்றே அழைத்தனர்.

செரோக்கி மக்கள் இந்த ஓடைகளை உணவுக்களஞ்சியமாகக் கருதினர். கீழ்நதிகளில் கூம்பு வடிவாகக் கல்லடுக்கி, நீரோட்டத்தோடு மீனை ஒரு மூலைக்கு ஓட்டிக் கூடையில் அள்ளினர். கோடையில் நீர் வற்றிய மடுக்களில் கரிய வால்நட் காயின் தோலையும் பக்ஐ விதையையும் இடித்துக் கரைத்து, மயங்கி மிதக்கும் மீனைப் பொறுக்கினர். 1838-இல் அம்மக்களில் பெரும்பாலோர் ராணுவத்தின் துணைகொண்டு மேற்கே துரத்தப்பட்ட கொடுமைக்குப் பின், மலையில் ஒளிந்தும் சட்டத்தின் இடுக்கில் நிலைத்தும் தப்பிய சிலரோடு, ஐரோப்பியக் குடியேறிகளின் சந்ததியார் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தனர். இவர்கள் கையிலிருந்தது நீண்ட மூங்கிற்கோல். தூண்டில் முள்ளில் குளவிப்புழுவையோ, கல்லடியில் கூடு கட்டும் நீர்ப்பூச்சியின் புழுவையோ கோத்தனர். மஞ்சட் சிறகுள்ள மரங்கொத்தியின் இறகைப் பிளந்து முள்ளில் சுற்றி இவர்கள் செய்த பொய்ஈ ‘யெல்லோஹாமர்’ என்ற பெயரால் அப்பிரதேசமெங்கும் கீர்த்தி பெற்றது. அப்பறவையைக் கொல்லக்கூடாதென்று சட்டம் வந்த பிறகு சாயமிட்ட வேறு இறகுகளால் இன்றும் அதைக் கட்டுகிறார்கள்.

செயிண்ட் லூயிஸ் நகரத்து நூலகத் தலைமையை இழந்து, குடும்பத்தைப் பிரிந்து, உடலும் மனமும் நொந்து 1904-இல் ஹேஸல் கிரீக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்த ஹோரஸ் கெபார்ட் என்பவர் அந்த வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்து 1913-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அவர் எழுதி முடிப்பதற்குள்ளேயே அந்த வாழ்க்கையின் அஸ்திவாரம் ஆட்டங்கண்டுவிட்டது.

1901-இல் டபிள்யூ. பி. டவுன்ஸெண்ட் என்னும் பென்சில்வேனியாக்காரர் லிட்டில் ரிவர் மரக் கம்பெனியைத் தொடங்கினார். ஹேஸல் கிரீக்கில் ரிட்டர் கம்பெனி, வட கரோலினாப் பக்கத்தில் காகிதக்கூழுக்காக சாம்பியன் ஃபைபர் கம்பெனி என்று பிறகு ஒவ்வொருவராக வந்தனர். ஓடைக்கரையே அகலம் குறைந்த மலையில் கிடைத்த ஒரே சமதளம் என்பதால், இருப்புப்பாதையை அதன்மேலேயே போட்டு, நீராவி யந்திரங்களால் மலைச்சரிவிலிருந்து மரங்களை இழுத்து இறக்கினர். இழுபட்ட மரம் மண்ணைக் கீறியது. கீறிய மண் மழையில் கரைந்து, முட்டைகள் மூச்சுவிடும் சரளைக்கற்களின் இடுக்கை அடைத்தது. நிழலிழந்த நீர் சூரியனில் காய்ந்தது. மிஞ்சிய சருகும் கிளையும் தீப்பற்றி, சில முகடுகளில் மண்ணே எரிந்து பாறை வெளிப்பட்டது. இம்மலையின் வனத்தில் ஏறக்குறைய முக்கால்பங்கு அந்த முப்பது ஆண்டுகளில் அழிந்தது. குளிர்ந்த நீரின்றி வாழாத மீன், கீழ்ப்பகுதிகளைக் கைவிட்டு, கோடரி எட்டாத உச்சி ஓடைகளில் ஒதுங்கியது.

மீன் போனால் மீன் கொண்டுவரலாம் என்பது அக்காலத்து நம்பிக்கை. கலிபோர்னியாவின் நதிகளில் பிறந்த வானவில் டிரௌட்டின் முட்டையை ஈரப்பாசியில் பொதிந்து ரயிலேற்றி உலகெங்கும் அனுப்பிய காலம் அது. நமது நீலகிரியின் அவலாஞ்சி ஓடைகளிலும், இலங்கையின் நுவரெலியாவிலும் துரைமார் அதே ஜாதி மீனைப் பழக்கியது ஏறக்குறைய அந்த ஆண்டுகளில்தான். ஆனால் நீலகிரி ஓடைகளில் அதற்கு முன் டிரௌட் இல்லை. ஸ்மோக்கி மலையில் வீட்டுக்காரன் இருக்கும்போதே விருந்தாளி வந்தான். 1910-ஐ ஒட்டி மரக் கம்பெனிகளும் உல்லாசத் தூண்டிற்காரர்களும் விட்ட வானவில் டிரௌட், ஓடை டிரௌட்டைவிட விரைவில் வளர்வது, சூட்டைச் சற்று அதிகம் பொறுப்பது, தூண்டிலில் துள்ளிப் பாய்ந்து போராடுவது. பட்டணத்திலிருந்து வந்த கனவான்களுக்கு அதைப் பிடிப்பதில்தான் ரசம். பின்னாளில் ஐரோப்பாவின் பழுப்பு டிரௌட்டும் அண்டை நீர்களில் விடப்பட்டு, மெல்ல மெல்ல எல்லைக்குள் ஏறி வந்தது.

இப்படி மொட்டையடிக்கப்பட்ட மலையைத்தான் தேசியப் பூங்கா ஆக்கவேண்டும் என்று கெபார்டும் அவருடைய நண்பர்களும் மன்றாடினர். 1926-இல் காங்கிரஸ் அனுமதி தந்தது. 1928-இல் ஜான் டி. ராக்பெல்லர் இளையவர் தம் தாயாரின் நினைவு நிதியிலிருந்து 50 லட்சம் டாலர் வழங்கினார். மரக் கம்பெனிகளிடம் பெருநிலங்களையும், ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு குடியானவர்களிடம் அவர்களுடைய சோளக்கொல்லைகளையும் வாங்கி, விற்க மனமில்லாதவர்களை வழக்குமன்றத்தில் வென்று, 1934-இல் பூங்காவை நிறுவினர். 1940 செப்டம்பரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நியூஃபவுண்ட் கணவாயில் நின்று அதை நாட்டுக்கு அர்ப்பணம் செய்தார். ஓடையோரம் பிறந்து வளர்ந்த குடும்பங்கள், தாத்தா மீன்பிடித்த மடுவுக்கு இனி விருந்தாளிகளாகவே வரமுடியும் என்ற நிலையை, மலைப்பிரதேச மக்கள் இன்றும் கசப்போடு நினைவுகூர்கின்றனர். அக்கசப்பில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வனத்தைத் தொடாதே என்று சொன்ன அதே நிர்வாகம், நீரைத் தொடுவதற்குச் சிறிதும் தயங்கவில்லை. வருகிறவர்களின் தூண்டில் வெறுமையாகத் திரும்பலாகாது என்ற எண்ணத்தில், கெபார்டின் பெயர் தாங்கிய ஓடைக்கரையிலேயே ஒரு மீன்குஞ்சுப் பண்ணை எழுந்தது. வானவில் டிரௌட் குஞ்சுகளை ஆண்டாண்டாக விட்டனர். ஓடை டிரௌட் குஞ்சும் விட்டனர், ஆனால் அது வடக்கு ராஜ்யங்களின் பண்ணைகளில் வளர்ந்த வேறு வம்சம் என்பதையும், தெற்கு வம்சத்தின் ரத்தம் தனித்தன்மை உடையது என்பதையும் அக்காலத்தில் எவரும் பொருட்படுத்தவில்லை. வெட்டுண்ட காடு மீண்டும் தழைத்து, நீர் பழையபடி குளிர்ந்தபோது, பழங்குடி மீன் கீழே இறங்கித் தன் இடத்தைப் பிடிக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். காலியிடத்தை வானவில் மீன் நிரப்பிவிட்டிருந்தது. அது மட்டுமன்று, பூங்கா பிறந்த பிறகும் அது மேலே மேலே ஏறிக்கொண்டே போயிற்று.

இந்த மனப்பான்மை உச்சத்தைத் தொட்ட சம்பவம் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கேட்ஸ் கோவ் என்னும் சுண்ணாம்புக்கல் சமவெளியில் தோன்றும் ஏப்ரம்ஸ் ஓடை, அருவியாக விழுந்து, கீழே லிட்டில் டென்னஸீ நதியில் கலக்கிறது. 1957-இல் அந்நதியில் சில்ஹோவி அணை எழும்பி நீர் நிறையப்போகும் தறுவாயில், தூண்டிற்காரனுக்கு உதவாத ‘வீண்மீன்கள்’ தேக்கத்திலிருந்து ஓடையிலேறி டிரௌட்டுக்குப் போட்டியாகும் என்று அஞ்சிய அதிகாரிகள், அருவிக்குக் கீழே உள்ள ஓடை முழுவதிலும் ரோடினோன் என்னும் நஞ்சைக் கலந்து, இருந்த மீன் எல்லாவற்றையும் கொன்று, வானவில் டிரௌட்டுக்கு வழி செய்தனர். ரோடினோன் உஷ்ணதேசத்துக் காட்டுக்கொடிகளின் வேரிலிருந்து எடுப்பது. அங்கே பழங்குடிகள் மீன்பிடிக்கப் பயன்படுத்தும் பொருள்தான். வால்நட் தோல் இடித்த செரோக்கி ஒரு மடுவை மயக்கினான், மறுமாதம் அந்த மடுவில் மீன் இருந்தது; அறிவாளிகளின் கூட்டமோ மைல்கணக்கில் ஓடையைத் துடைத்தெடுத்தது.

செத்து மிதந்தவற்றில் மூன்று அங்குலம்கூட இல்லாத சிறு கெளிற்று மீன்கள் சில இருந்தன. அவற்றைச் சாராயத்தில் இட்டுப் பாதுகாத்தனர். பல ஆண்டு கழித்து அவற்றை ஆராய்ந்த ஒரு விஞ்ஞானி, இது இதுவரை பெயரிடப்படாத இனம் என்று கண்டு, 1969-இல் ஸ்மோக்கி மேட்டம் என்று உலகுக்கு அறிமுகம் செய்தார். அதாவது, அந்த உயிர் உலகில் உண்டு என்பதே அதை அழித்த பிறகுதான் தெரியவந்தது. அது பூண்டோடு போயிற்று என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். 1980-இல், பூங்காவுக்கு வெளியே, அடுத்த பள்ளத்தாக்கின் சிடிகோ ஓடையில் ஒரு சிறு கூட்டம் உயிரோடிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. நீருக்குள் கண்ணாடியணிந்து மூழ்கி, தட்டைக்கற்களுக்கு அடியிலிருந்து அதன் முட்டைகளை எடுத்து, நாக்ஸ்வில் நகரத்துத் தொட்டிகளில் குஞ்சு பொரிக்கவைத்து, 1986 முதல் அதை ஏப்ரம்ஸ் ஓடைக்கு மீண்டும் கொண்டுவந்து சேர்த்த உழைப்பு, நஞ்சு ஊற்றிய பணியைவிட நூறு மடங்கு நீண்டது.

1963-இல் ஸ்டார்க்கர் லியோபால்ட் தலைமையில் அமைந்த ஒரு குழு, தேசியப் பூங்காக்கள் வெள்ளையர் வருமுன் இருந்த இயற்கையின் சித்திரமாக விளங்கவேண்டும் என்று அறிக்கை தந்த பிறகு, நிர்வாகத்தின் சிந்தனை மெல்லத் திரும்பியது. 1975-இல் ஸ்மோக்கி ஓடைகளில் மீன் விடுவது நின்றது. அதையொட்டி, எஞ்சிய ஓடை டிரௌட்டைக் காப்பாற்றுவதற்காக அதைப் பிடிப்பதும் தடை செய்யப்பட்டது. தடை முப்பது ஆண்டு நீடித்தது. பின்னர் சில ஓடைகளைப் பரீட்சார்த்தமாகத் திறந்துவிட்டு, மூடியிருந்த ஓடைகளோடு ஒப்பிட்டு மீனை எண்ணிப் பார்த்தபோது, தூண்டிலால் குறைவு எதுவும் நேரவில்லை, வெள்ளமும் வறட்சியுமே மீனின் தொகையை நிர்ணயிக்கின்றன என்று தெரிந்தது. 2006-இல் தடை நீங்கியது. ஒற்றை முள்ளுள்ள செயற்கை இரை மட்டுமே, ஏழு அங்குலத்துக்குக் குறைந்த டிரௌட்டை விட்டுவிடவேண்டும், நாளொன்றுக்கு ஐந்துக்கு மேல் கூடாது என்பவை இன்றைய விதிகள். கோடரியையும் குஞ்சு வாளியையும் விசாரிக்காமல் முப்பது ஆண்டு தூண்டிலையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்தோம் என்றுதான் இதைப் படிக்கிறேன்.

வானவில் மீனை எங்கும் வெளியேற்ற முடியாது என்பதை நிர்வாகம் அறியும். கீழிருந்து மீன் ஏறமுடியாத அருவி ஒன்று இயற்கையாக அமைந்த ஓடையின் மேற்பகுதியில் மட்டும், முதுகில் சுமக்கும் மின்கருவியாலோ ஆன்டிமைசின் என்னும் மருந்தாலோ அந்நிய மீனை நீக்கி, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் கீழே மருந்தை முறித்துவிட்டு, அருகிலுள்ள ஓடைகளிலிருந்து சொந்த வம்சத்தைக் கொணர்ந்து விடுகின்றனர். லிட்டில் ரிவர் கம்பெனி கடைசியாக மரம் வெட்டிய பகுதிகளில் ஒன்றான லின் கேம்ப் பிராங் ஓடையில் 2008-இல் தொடங்கிய இப்பணி முடிந்து, 2015-இல் அது தூண்டிற்காரர்களுக்குத் திறக்கப்பட்டது. மீண்டும் நஞ்சா என்று சிலர் கேட்டனர். நாற்பது தலைமுறையாக இங்கேயே பிறந்த வானவில் மீன் வனத்து மீன் ஆகாதா என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. பெரும்பாலான ஓடைகளில் அம்மீன் இருந்துகொண்டுதான் இருக்கிறது, இனியும் இருக்கும் என்பதே அதற்கு நடைமுறையான விடை.

ஆனால் பழங்குடி மீனுக்கு இப்போது ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. உச்சிப் பகுதியில் அனகீஸ்டா என்னும் பாறையில் கந்தகம் கலந்த இரும்புத்தாது உண்டு. 1963-இல் நியூஃபவுண்ட் கணவாய்ச் சாலையை மாற்றியமைத்தபோது உடைத்துக் கொட்டிய அப்பாறை மழையில் நனைந்து அமிலமாகி, கீழே பீச் ஃபிளாட்ஸ் ஓடையின் மீனை மாய்த்தது. அதைவிடப் பரந்த அமிலத்தை, பள்ளத்தாக்குகளின் நிலக்கரி மின்நிலையங்கள் எழுப்பிய கந்தகப்புகை மழையாகவும் மூடுபனியாகவும் சிகரங்களில் பல பத்தாண்டுகள் கொண்டுவந்து சேர்த்தது. இம்மலையின் மணற்கல் நீரில் அதை முறிக்கும் சுண்ணாம்புச் சத்து அற்பமே. கோடரிக்கும் வானவில் மீனுக்கும் அஞ்சி எந்த உச்சியில் ஓடை டிரௌட் புகலடைந்ததோ, அந்த உச்சியில்தான் அமிலம் முதலில் இறங்குகிறது. அதற்கு மேலே ஏற ஓடை கிடையாது. சட்டத்தால் புகை பெரிதும் குறைந்துவிட்ட போதிலும், மண்ணில் சேர்ந்த கந்தகம் ஒவ்வொரு பெருமழையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளிவருகிறது. நோலண்ட் டிவைட் என்னுமிடத்து நீர்ப்பிடிப்பில் 1990-களின் தொடக்கத்திலிருந்து மழைநீரையும் ஓடைநீரையும் எடுத்து அதை அளந்து வருகின்றனர்.