பெயர்தான் கூலி

புனேவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீடு மாற்றும்போதெல்லாம் தூக்கிப்போட மனசில்லாமல் கூடவே கொண்டு வருகிற பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதைத் துழாவியபோது 2005இல் நான் கை வைத்த தமிழாக்கக் கோப்பு ஒன்று கிடைத்தது. மென்பொருளின் மெனுவிலும் பட்டனிலும் வருகிற ஆங்கில வாசகமும் அதற்கான தமிழும் அடுத்தடுத்து இருக்குமே, அந்த பி.ஓ. கோப்பு. தலைப்பகுதியில் 'கடைசியாக மொழிபெயர்த்தவர்' என்று ஒரு வரி. அங்கே ஜம்மென்று என் பெயர்.

நான் திருத்தியது பன்னிரண்டு வாசகம். மீதி எண்ணூற்றுச் சொச்சத்தையும் செய்தவர் வேறொருவர். முகம் பார்த்ததில்லை. நான் சேமித்த நொடியில் கேபேபல் என்கிற எடிட்டர் அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டுவிட்டது. எடிட்டர் மேல் பழி போட்டுத் தப்பிக்கலாம்தான். ஆனால் ஆபீசில் ஒருத்தர் பார்த்துவிட்டு "அட, இதெல்லாம் நீங்க பண்ணினதா?" என்று கேட்டபோது, "ஏதோ டைம் கிடைச்சப்போ..." என்று இழுத்தது எடிட்டர் இல்லை, நான். இத்தனைக்கும், ராத்திரி கண் முழித்து நான் எழுதிய கோடை இன்னொருவர் தன் பெயரில் ஸ்லைடு போட்டுக் காட்டினார் என்று அதே வருஷம் ஒரு மாசம் பொருமிக்கொண்டிருந்தவன்.

சரி, புலம்பல் போதும். பெயருக்கு ஏன் இவ்வளவு மவுசு என்று யோசித்தபோது பெர்க்லி கதைதான் ஞாபகம் வந்தது.

1970களின் பிற்பாதியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஏ.டி. அண்ட் டி.யின் யூனிக்ஸை வாங்கி, தட்டிக்கொட்டி, புதுசு புதுசாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பில் ஜாய் என்கிற மாணவர் 1978இல் அந்தச் சேர்க்கைகளை டேப்பில் பதிந்து வெளியே அனுப்ப ஆரம்பித்தார். பி.எஸ்.டி. பிறந்தது அப்படித்தான். வி.ஐ. எடிட்டரும் அவர் கைவண்ணம். ஒரே தொல்லை, பெர்க்லிக்காரர்கள் எழுதியது ஏ.டி. அண்ட் டி. எழுதியதோடு பின்னிக் கிடந்தது. யாருக்கு வேண்டுமென்றாலும் முதலில் ஏ.டி. அண்ட் டி.யிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்தக் கட்டணமோ வருஷாவருஷம் எகிறிக்கொண்டே போனது.

1989இல் நெட்வொர்க் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து வெளியிட்டார்கள். டேப் ஆயிரம் டாலர். வாங்கியவர் அதை யாருக்கு வேண்டுமானாலும் சும்மாவே கொடுக்கலாம். எழுதியவர் பெயரை மறைக்காமல் இருந்தால் போதும். அப்போதுதான் அந்தக் குழுவில் இருந்த கீத் போஸ்டிக், மொத்த சிஸ்டத்தையும் இப்படியே கொடுத்தால் என்ன என்று கிளப்பினார். சகாக்களான மக்யூசிக்கும் கேரல்ஸும் மறுக்கவில்லை. நூற்றுக்கணக்கான கட்டளைகளையும் அந்த மாபெரும் சி லைப்ரரியையும் புதிதாக எழுத நீ வழி பண்ணு, கெர்னலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மனசுக்குள், ஆள் இத்தோடு அடங்கிவிடுவார் என்ற நினைப்பு. இதை மக்யூசிக்கே பின்னால் எழுதியிருக்கிறார்.

ஆள் அடங்கவில்லை. யூஸ்நிக்ஸ் மாநாடுகளில் போய் நின்று கேட்டார். ஏ.டி. அண்ட் டி. கோடைப் பார்க்காமல், வெளியான விவரங்களை மட்டும் வைத்து ஆளுக்கொரு கட்டளையை எழுதிக் கொடுங்கள் என்று. சம்பளம் கிடையாது. எந்தக் கட்டளையை எழுதினீர்களோ அதன் பக்கத்தில், பெர்க்லிக்குப் பங்களித்தவர் பட்டியலில், உங்கள் பெயர் வரும். அவ்வளவுதான் கூலி. முதலில் சில்லறைக் கட்டளைகள்தான் வந்தன. பட்டியல் நீள நீள வேகம் பிடித்து நூறைத் தாண்டியது. பதினெட்டே மாதத்தில் முக்கியமானவை ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிட்டன! போஸ்டிக் அந்தப் பட்டியலோடு சகாக்களின் அறைக்குள் போய், கெர்னல் என்னாச்சு என்று கேட்டாராம். மூவரும் உட்கார்ந்து கோப்பு கோப்பாகச் சலித்ததில், உடனே மாற்றி எழுத முடியாதவை என்று ஆறே ஆறு மிஞ்சின. அந்த ஆறையும் விட்டுவிட்டு 1991 ஜூனில் வெளியிட்டார்கள்.

1992இல் ஏ.டி. அண்ட் டி.யின் துணை நிறுவனமான யு.எஸ்.எல். கோர்ட்டுக்குப் போனது. பதிலுக்குப் பல்கலைக்கழகம் போட்ட வழக்கைத்தான் நான் ரொம்ப ரசிப்பேன். உங்கள் சிஸ்டம் ஃபைவில் எங்கள் பி.எஸ்.டி. கோடு இருக்கிறது, ஒப்பந்தப்படி எங்கள் பெயரைச் சொல்லவில்லை, ஆகவே கையேடுகளைப் பெயரோடு மறுபடி அச்சடியுங்கள், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் மாதிரிப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் போட்டுத் தவறை ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். 1994 ஜனவரியில் சமரசம். பதினெட்டாயிரம் கோப்புகளில் நீக்க வேண்டி வந்தது மூன்றுதான். சுமார் எழுபது கோப்புகளில் யு.எஸ்.எல். பெயரையும் சேர்க்கப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. பெயர் கேட்டுப் போனவர்கள் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்கள் :-)

இப்படிப் பெயருக்காக மல்லுக்கட்டிய பெர்க்லியே பிற்பாடு ஒரு படி இறங்கி வந்தது. அவர்கள் லைசென்சில் ஒரு ஷரத்து: இந்த மென்பொருளைக் குறிப்பிடுகிற விளம்பரத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரையும் போட வேண்டும். ஒரு வரிதானே, என்ன நஷ்டம்? ஆனால் பின்னால் வந்தவர்கள் லைசென்சை அப்படியே நகல் எடுத்து, பல்கலைக்கழகம் இருந்த இடத்தில் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். 1997இல் வந்த நெட்பி.எஸ்.டி. ஒன்றில் ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணிப் பார்த்தபோது இப்படி 75 நன்றி வாக்கியங்கள்! கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா, சித்தப்பா, ஒன்றுவிட்ட மாமா என்று எல்லார் பெயரும் ஏறி, கடைசியில் மாப்பிள்ளை பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவோமே, அந்தக் கதை. 1999 ஜூலையில் பல்கலைக்கழகம் அந்த ஷரத்தை ரத்து செய்தது. கோடுக்குள் இருக்கிற பெயர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்பாச்சிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. 1995இல் எட்டுப் பேர் தங்களிடம் இருந்த பேட்ச்களை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய வெப் சர்வர் அது. 1999இல் லாபநோக்கில்லாத அறக்கட்டளையாகப் பதிந்தார்கள். 2004இல் அதன் குழு, கோப்புகளுக்குள் 'ஆசிரியர்' என்று பெயர் போடுவதைத் தவிர்க்கச் சொன்னது. சட்டச் சிக்கல்தான் முதல் காரணம், கூட்டு வேலைக்கு இடைஞ்சல் என்பதும் உண்டு. இடைஞ்சல் எனக்குப் புரிகிறது. கதவில் ஒருத்தர் பெயர்ப்பலகை தொங்கினால், உள்ளே ஓட்டை ஒழுகினாலும் அடைக்கக் கை தயங்கும். யார் எதைச் செய்தார் என்பது மாற்றப் பதிவேட்டில் தானாகவே சேர்கிறது, தேடுகிறவர் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

நம்ம பி.ஓ. கோப்பில் அதுவும் உதவவில்லை. அந்த மென்பொருளின் இன்றைய பிரதியை இறக்கிப் பார்த்தேன். கடைசியாக மொழிபெயர்த்தவர் இப்போது யாரோ ஒரு புதியவர். மேலே குறிப்பு வரிகளில் வருஷத்தோடு நான்கு பெயர்கள், முதலாவது நான். அந்த எண்ணூறைச் செய்தவர் எங்கேயும் இல்லை. அவர் அனுப்பிய கோப்பை வேறு யாரோ பதிவேற்றியிருக்கிறார்கள், அதனால் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் என் டிஸ்கில், திருத்துவதற்கு முன் எடுத்து வைத்த நகல் இருந்தது. அதில் அவர் பெயர் இருந்தது.

நாலு பெயருக்கும் மேலே அவர் பெயரை 2004 என்று போட்டுச் சேர்த்தேன். மறுபடி ஏதாவது எடிட்டர் கைவரிசை காட்டிவிடுமோ என்று பயந்து வி.ஐ.யிலேயே திருத்தி, பழைய நகலையும் சாட்சிக்கு இணைத்து அனுப்பினேன். இரண்டு நாளில் சேர்த்துக்கொண்டார்கள். மாற்றப் பதிவேட்டில் அந்த ஒற்றை வரித் திருத்தத்துக்கு எதிரே என் பெயர் இருக்கிறது.