உயர்மலை ஓடைகளின் கடிக்காத மிட்ஜ் பூச்சிகள்: புதிய சிற்றினத்தை விவரித்தல்

கைரோனோமிடே என்பது ஈ, கொசு ஆகியவற்றை உள்ளடக்கிய டிப்டெரா வரிசையைச் சேர்ந்த பூச்சிக் குடும்பம். இதன் உறுப்பினர்கள் தோற்றத்தில் கொசுவை ஒத்தவை. ஆனால் இரத்தம் குடிப்பதில்லை. அதனால் இவற்றைக் கடிக்காத மிட்ஜ் பூச்சிகள் என்கிறார்கள். உலகெங்கும் 6000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் பெயரிடப்பட்டுள்ளன. பெயர் பெறாதவை இன்னும் ஏராளம். ஆய்வாளர் அதிகம் எட்டாத உயர்மலைப் பகுதிகளில் புதியவை தொடர்ந்து கிடைத்து வருகின்றன. பனியாறு உருகி ஓடும் ஓடையில் பிடித்த ஒரு பூச்சியைப் புதிய சிற்றினம் என்று அறிவிக்க, அதன் உடலமைப்பு, வளர்பருவங்கள், மரபணு, வாழிடம் ஆகிய அனைத்தையும் பிறர் சரிபார்க்கக்கூடிய சான்றாகப் பதிவு செய்ய வேண்டும்.

குடும்பமும் பேரினமும்

மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் மீன்களுக்கு இடும் சிவப்பு நிற ‘பிளட் வார்ம்’, இக்குடும்பத்தின் கைரோனோமஸ் பேரினத்தைச் சேர்ந்த லார்வா. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் வாழ்வதற்கு உதவும் ஹீமோகுளோபின்தான் அதற்குச் சிவப்பு நிறம் தருகிறது. உயர்மலை ஓடைகளில் நிலைமை நேர்மாறானது. குளிர்ந்த, விரைந்து பாயும் நீரில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை; வெப்பமும் உணவும்தான் அரிது. அங்கே மேலோங்கி நிற்பது டயமேசா என்னும் பேரினம்.

ஜெர்மானியப் பூச்சியியலாளர் யோகான் வில்ஹெல்ம் மைகன் 1835-இல் இப்பேரினத்தை நிறுவினார். இதில் 100-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. இவற்றில் பெரும்பாலானவை வட அரைக்கோளத்தின் குளிர்ந்த நீரோட்டங்களில் வாழ்கின்றன. ஆல்ப்ஸ், இமயமலை, பாமிர், தியான் ஷான் ஆகிய மலைத்தொடர்கள் இப்பேரினத்தின் முக்கிய வாழிடங்கள்.

குளிர்நீர் வாழ்க்கை

முட்டை, நான்கு லார்வா நிலைகள், கூட்டுப்புழு, முதிர்ந்த பூச்சி என்பது இக்குடும்பத்தின் வாழ்க்கைச் சுற்று. டயமேசா லார்வாக்கள் உடலின் பின்முனையிலுள்ள போலிக்கால்களின் கொக்கிகளால் பாறையைப் பற்றிக்கொண்டு, அதன் மேல் படர்ந்த பாசியையும் நுண்ணிய கரிமத் துகள்களையும் தின்கின்றன. குளிர்ந்த மலையோடைகளில் கற்களின் மேல் பழுப்பு நிறத்தில் வழவழப்பாகப் படரும் ஹைட்ரூரஸ் என்னும் பாசியிடையே இந்த லார்வாக்கள் திரளாகக் காணப்படுவதுண்டு.

பனியாற்று ஓடைகளில் உயிரினங்கள் நீரின் வெப்பநிலைக்கேற்ப வரிசையாக அமைந்திருக்கின்றன. அலெக்சாண்டர் மில்னரும் ஜெஃப்ரி பெட்ஸும் 1994-இல் இதை ஒரு கோட்பாட்டு மாதிரியாக வகுத்தனர். அதன்படி, நீரின் உச்ச வெப்பநிலை 2 டிகிரி செல்சியசைத் தாண்டாத, பனியாற்றின் வாயை ஒட்டிய பகுதியில் டயமேசா கிட்டத்தட்டத் தனித்தே வாழ்கிறது. வெப்பம் 4 டிகிரியை நெருங்கும்போது மற்ற மிட்ஜ் பூச்சிகளும் கருப்பு ஈக்களும் சேர்கின்றன. ஓடையில் இன்னும் கீழே, படுகை நிலைபெற்ற இடங்களில், மே ஈக்களும் கல் ஈக்களும் வருகின்றன. நீரின் வெப்பநிலையும் படுகையின் உறுதியுமே இந்த வரிசையை முடிவு செய்கின்றன.

யாலா பனியாற்றுப் பூச்சி

உயர்மலை மிட்ஜ் ஒன்று அறிவியலுக்கு அறிமுகமான விதத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு நேபாளத்தின் லாங்டாங் பகுதியிலுள்ள யாலா பனியாறு. கடல்மட்டத்துக்கு மேல் 5000 மீட்டருக்கும் உயரத்தில், உயிரற்ற பனிக்கட்டி என்று கருதப்பட்ட இடத்தில், ஜப்பானிய ஆய்வாளர் ஷிரோ கோஷிமா சிறகு குறுகிப் பறக்க இயலாத டயமேசா ஒன்றைக் கண்டறிந்தார். 1984-இல் நேச்சர் இதழில் அதைப் பற்றி எழுதினார். மைனஸ் 16 டிகிரி செல்சியசிலும் அது நடமாடுவது பதிவானது. அதன் லார்வாக்கள் பனிக்கட்டிக்கு அடியிலுள்ள உருகுநீர்க் கால்களில் நீலப்பச்சைப் பாசியையும் பாக்டீரியாவையும் தின்று வளர்கின்றன.

உருகுநீரும் நகரும் பனியும் லார்வாக்களைக் கீழ்நோக்கி இழுத்துச் செல்வதால், தலைமுறைதோறும் இப்பூச்சி தன் இடத்தை இழக்க நேரும். அதை ஈடுசெய்வது பெண்பூச்சிகள்தான். சூரியனைத் திசைகாட்டியாகக் கொண்டு பனிப்பரப்பில் நேர்கோட்டில் நடந்து, சரிவின் போக்கை உணர்ந்து, அவை மேல்நோக்கிச் செல்கின்றன என்று கோஷிமா 1985-இல் விளக்கினார். சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பூச்சி பனிமலையில் கால்நடையாக ஏறிச்சென்று தன் சந்ததியின் இடத்தைக் காப்பது, பூச்சியியலின் வியக்கத்தக்க கண்டறிதல்களில் ஒன்று.

இவ்வளவு தெரிந்தும் அப்பூச்சிக்கு அப்போது சிற்றினப் பெயர் இல்லை. நார்வேயின் பெர்கனைச் சேர்ந்த ஓலே சேதரும் எண்ட்ரே வில்லாசனும் 1987-இல் நேபாளப் பனியாறுகளிலிருந்து நான்கு புதிய டயமேசா சிற்றினங்களை விவரித்தபோது, அவற்றில் ஒன்றான இப்பூச்சிக்கு, கண்டறிந்தவரைச் சிறப்பிக்கும் வகையில் டயமேசா கோஷிமாய் என்று பெயரிட்டனர். ஒரு பூச்சியின் வாழ்க்கையைக் கண்டறிவதும் அதைச் சிற்றினமாக விவரிப்பதும் வெவ்வேறு உழைப்புகள் என்பதற்கு இது நல்ல சான்று.

சேகரிப்பும் பருவங்களை இணைத்தலும்

லார்வாக்களைப் பிடிக்க, ஓடையில் வலையை நீரோட்டத்துக்கு எதிராக நிறுத்தி, அதற்கு மேற்புறமுள்ள கற்களைக் காலால் கிளறுவது வழக்கம். முதிர்ந்த பூச்சிகளைக் கரையோரப் பாறைகளிலும் பனித்திட்டுகளிலும் தேடி உறிஞ்சுகுழாயாலோ கைவலையாலோ எடுக்கிறார்கள். மாதிரிகளை எத்தில் ஆல்கஹாலில் இடுகிறார்கள். மரபணு ஆய்வுக்குச் செறிவு மிகுந்த ஆல்கஹால் தேவை.

மூன்றாவது வழி, கூட்டுப்புழு உரித்துவிட்டுப் போன தோல்களைத் திரட்டுவது. பூச்சி நீரின் மேல் வந்து சிறகு விரித்தபின் அதன் வெற்றுத்தோல் மிதந்துசென்று நுரையிலும் பாறை இடுக்கிலும் ஒதுங்குகிறது. அதில் பேரினத்தையும் பெரும்பாலும் சிற்றினத்தையும் அடையாளம் காட்டும் முட்களும் மயிர்களும் அப்படியே இருக்கும். ஜெர்மானிய நீரியலாளர் ஆகஸ்ட் தீனமன் 1910-இலேயே இத்தோல்களைச் சேகரிப்பதன் பயனை எடுத்துரைத்தார்.

ஆண் ஒரு குப்பியிலும், லார்வா இன்னொன்றிலும், உரிதோல் வேறொன்றிலும் கிடைத்தால், அவை மூன்றும் ஒரே சிற்றினம் என்று எப்படிச் சொல்வது? அதற்கு உறுதியான வழிகள் உண்டு. லார்வாவைக் குளிர்நீரில் தனியே வளர்த்து, அது விடும் ஒவ்வொரு தோலையும் பாதுகாக்கலாம். சிறகு விரிக்கத் தயாரான கூட்டுப்புழுவும் அரிய சான்று. அதன் தோலுக்குள் ஆண்பூச்சி முழு உருப்பெற்றிருக்கும். சில வேளைகளில் கடைசி லார்வாத் தோலும் வால்முனையில் ஒட்டியிருக்கும். அப்போது ஒரே உடலில் மூன்று பருவங்களும் கிடைக்கின்றன.

ஸ்லைடில் தெரிபவை

மிட்ஜ் பூச்சியைக் குண்டூசியில் குத்தி வைத்தால் போதாது. உடலைப் பிரித்து ஸ்லைடு செய்ய வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் தசை கரைந்து புறச்சட்டகம் தெளியும். பிறகு சிறகு, கால், தலை, மார்பு, வயிறு ஆகியவற்றைத் தனித்தனிக் கவர் ஸ்லிப்புகளின் கீழ் யூப்பரால் அல்லது கனடா பால்சத்தில் பதிக்கிறார்கள்.

முதலில் பார்ப்பது ஆணின் வயிற்று முனையிலுள்ள இனப்பெருக்க உறுப்பு. அதன் பற்றுக்கொக்கியின் வடிவம், உள்மடல்கள், அவற்றிலுள்ள மயிர்களின் அடர்த்தி ஆகியவை சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். அடுத்து அளவு விகிதங்கள். உணர்கொம்பின் கடைசிக் கணுவின் நீளத்தை அதற்கு முந்தைய சவுக்குக் கணுக்களின் மொத்த நீளத்தால் வகுப்பது ஒன்று. பாதத்தின் முதல் கணுவின் நீளத்தைக் கீழ்க்காலின் நீளத்தால் வகுப்பது மற்றொன்று. இக்குடும்பத்தின் உறுப்புகளை எந்தச் சொல்லால் குறிப்பது என்பதை ஒழுங்குபடுத்தியது, சேதர் 1980-இல் வெளியிட்ட உடலமைப்புச் சொற்களஞ்சியம்.

லார்வாவில் முக்கியமானது, தலையின் அடிப்புறத்திலுள்ள மென்டம் என்னும் பல்வரிசைத் தகடு. மணலும் பனித்துகளும் கலந்த ஓடைகளில் கல்லைச் சுரண்டிச் சுரண்டி அந்தப் பற்கள் தேய்ந்துவிடுகின்றன. எத்தனை பற்கள் இருந்தன என்றே தெரியாத நிலையும் வரும். அதனால் லார்வாவை மட்டும் வைத்து டயமேசாவில் புதிய சிற்றினம் அறிவிப்பது ஆபத்தானது. மிகக் குளிர்ந்த இடங்களில் வேறொரு சிக்கலும் எழுகிறது. பறந்தபடியே கூடும் மிட்ஜ்களில் ஆணின் உணர்கொம்பு இறகு போல விரிந்திருக்கும். தரையில் கூடும் பனியாற்றுச் சிற்றினங்களில் அது குன்றியிருக்கும், சிறகும் குறுகியிருக்கலாம். இத்தகைய மாற்றம் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றக்கூடும் என்பதால், அதை மட்டுமே கொண்டு உறவைத் தீர்மானிக்கக்கூடாது.

மரபணுச் சான்று

இன்றைய விவரிப்புகளில் சிஓஐ மரபணுவின் சுமார் 658 எழுத்து நீளமுள்ள பகுதி பெரும்பாலும் சேர்க்கப்படுகிறது. பால் ஹெபர்ட்டும் உடனாய்வாளர்களும் 2003-இல் முன்மொழிந்த ‘டிஎன்ஏ பார்கோடு’ இதுவே. லார்வாவையும் முதிர்ந்த பூச்சியையும் இணைக்க இது பேருதவி. ஆனால் நெருங்கிய சில டயமேசா சிற்றினங்களுக்கிடையே இப்பகுதியில் வேறுபாடு மிகக் குறைவு. வடிவத்தில் வேறாகத் தெரிபவை மரபணு வரிசையில் ஒன்றாகத் தெரியலாம். ஆகவே வடிவம், மரபணு, வாழிடம் மூன்றையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக வைக்கும் முறையையே கவனமுள்ள ஆய்வாளர்கள் பின்பற்றுகிறார்கள்.

பெயரும் மூலமாதிரியும்

விலங்குப் பெயரிடலுக்கான சர்வதேச விதித்தொகுப்பு, 1999-க்குப் பின் வெளியாகும் பெயர்கள் புதியவை என்று வெளிப்படையாகக் குறிக்கப்பட வேண்டும் என்கிறது. மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தும் பண்புகள் சொற்களில் கூறப்பட வேண்டும். பெயருக்கு ஆதாரமான மூலமாதிரி சுட்டப்பட வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியாகும் பெயர்கள் ஸூபேங்க் பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என்ற விதி 2012-இல் வந்தது. ஆண்பூச்சி ஒன்றை ஹோலோடைப் என்னும் மூலமாதிரியாகத் தேர்ந்து, உடன் ஆராய்ந்த மற்றவற்றைப் பாராடைப்புகளாகக் குறித்து, அருங்காட்சியகத்தில் வைப்பது இத்துறையின் வழக்கம். பெயர் குறித்து எதிர்காலத்தில் ஐயம் எழுந்தால் தீர்ப்பு சொல்வது கட்டுரையின் படங்கள் அல்ல, அந்த ஸ்லைடுதான்.

இமயமலை ஆய்வும் இன்றைய தேவையும்

இந்தியாவில் உயர்மலைப் பூச்சியியலுக்கு அடித்தளமிட்டவர் தஞ்சாவூரில் பிறந்த எம். எஸ். மணி. 1950-களில் வடமேற்கு இமயமலைக்கு ஆய்வுக் குழுக்களை வழிநடத்திய அவர், மர எல்லைக்கு மேலுள்ள பூச்சி வாழ்வைப் பற்றி 1962-இல் எழுதிய நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. அவர் காட்டிய வழியில் செய்ய வேண்டிய பணி இன்னும் நிறைய இருக்கிறது.

பனியாறுகள் சுருங்கும்போது ஓடையின் நீர் வெதுவெதுப்பாகிறது, குளிர்நீர்ப் பகுதி மலையின் மேல்நோக்கி ஒடுங்குகிறது. உச்சிக்கு மேல் போக இடமில்லை. ஆல்ப்ஸில் பனியாற்று நீரையே சார்ந்த டயமேசா ஸ்டெயின்போகி போன்ற சிற்றினங்கள், அந்தந்த ஓடைகளிலிருந்து அற்றுப்போகும் நிலையில் உள்ளன என்று இத்தாலிய ஆய்வாளர்கள் எச்சரித்துள்ளனர். பெயரிடாத ஒரு சிற்றினம் மறைந்தால், மறைந்தது என்று பதிவு செய்யக்கூட வழியில்லை. எனவே ஓடையின் ஆயத்தொலைவு, உயரம், எடுத்த நாள், நீரின் வெப்பநிலை, பனியாற்று வாயிலிருந்து உள்ள தூரம் ஆகியவையும் புதிய சிற்றின விவரிப்பில் இடம்பெற வேண்டியது கட்டாயமாகிறது. அந்த ஓடை நாளை மாறிவிட்டாலும், எந்த நிலையில் எந்தப் பூச்சி அங்கே வாழ்ந்தது என்பதைப் பின்வரும் ஆய்வாளர் ஒப்பிட்டு அறிய அந்தப் பதிவே அடிப்படை.