முதுமையும் காலவுணர்வும்

முதுமை என்றதும் நம்மிற் பலர் தளர்ச்சியையே நினைக்கின்றனர். கண் மங்குவது போலப் பிறர் உள்ளத்தை அறியும் ஆற்றலும் மங்கிவிடும் என்பது பொதுக்கருத்து. இதிற் பாதி உண்மை உண்டு. முகப்படங்களைக் காட்டி உளவியலாளர் சோதித்தபோது, கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றை இனங்காண்பதில் உடல்நலமுள்ள முதியோரும் இளைஞருக்குப் பின்தங்கினர். ஆயினும், அன்றாட வாழ்வில் அம்முதியோரே மனக்கொந்தளிப்புக் குறைந்தவராயும், வீண்பூசலை விலக்கி நெருங்கியோரைப் பேணுபவராயும் விளங்கினர்.

இதற்கு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லோரா கார்ஸ்டென்சன் 1990களில் ஒரு விளக்கம் தந்தார். எஞ்சிய காலம் குறுகியது என உணரும் மனிதர், புதியவற்றைத் தேடுவதை விடுத்துப் பொருளுள்ள உறவுகளையே நாடுவர் என்பது அவர் கொள்கை. அப்படியாயின், இது வயதின் விளைவா, காலவுணர்வின் விளைவா? 1997இல் ஹொங்கொங் பிரித்தானியரிடமிருந்து சீனாவுக்குக் கைமாறும் நாள் நெருங்கியபோது, அங்கு இளைஞரும் முதியோரைப் போலவே நெருங்கிய உறவுகளை விரும்பினர் என ஹெலீன் ஃபங்கும் கார்ஸ்டென்சனும் கண்டனர். ஓராண்டு கழிந்ததும் இளைஞரிடம் அந்நாட்டம் மறைந்தது. காலவுணர்வை அரசியலும் மாற்றும் என்பது இதனாற் புலனாயிற்று.

இதனைப் படித்தபோது நம் நெஞ்சு புளத்கொகுபிட்டியவை நினைத்தது. கேகாலை மாவட்டத்தின் இத்தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் தலைமுறைகளாய் உழைத்த தமிழரிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மலையகத்தின் 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரும் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். மக்களைக் கேளாமலே மக்களைப் பங்கிட்ட கணக்கு இது!

ஹொங்கொங்கில் ஆட்சி கைமாறிற்று. இங்கோ குடும்பங்களே பிளவுண்டன. தலைமன்னாரில் கப்பலேறும் நாள் குறிக்கப்பட்ட வீட்டில் இருபது வயதினருக்கும் காலம் குறுகிற்று. முதுமை மெல்லக் கற்பிக்கும் பாடத்தை அரசு அவர்கள்மீது ஒரே நாளிற் சுமத்தியது.

அவ்விளைஞரே இன்றைய முதியோர். அவர்களுள் ஒருவரான மூதாட்டியிடம் நம் மாணவரை அழைத்துச் சென்றோம். “அண்ணன் போனப்போ அழுதீங்களா, அப்பாயி?” என்று மாணவி ஒருத்தி கேட்டாள்.

“அழுகல தாயி. அழுதா அண்ணே நின்னுரும். நின்னா பொலிஸ் வந்து புடிச்சிக்கிட்டுப் போகும்” என்றார் அவர். சற்று நேரம் அவளையே பார்த்திருந்துவிட்டு, “நீ ஏன் சாப்பிடாம வந்திருக்க?” என்று வினவினார்.

அம்மாணவியின் தாய் அந்த வாரந்தான் வீட்டுவேலைக்காக வளைகுடா நாடொன்றுக்குச் சென்றிருந்தார். தினமும் அவளைக் காணும் நாம் அதனை அறியவில்லை. படத்திலுள்ள முகத்தை அம்மூதாட்டி தவறவிட்டிருக்கலாம். எதிரே அமர்ந்த பிள்ளையின் முகத்தைத் தவறவிடவில்லை.

துன்பம் அறிவு தருமென்று கூறி அநீதியை மன்னிப்பது நம் நோக்கமன்று. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. பிரிந்த குடும்பங்களை அதனால் இணைக்க இயலவில்லை. 1964இல் இருபது வயதினராயிருந்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்களைப் பழங்கதை பேசுவோராக ஒதுக்காது, அருகமர்ந்து கேட்பது ஆசிரியரும் மாணவரும் ஆற்றவேண்டிய வரலாற்றுப் பணியாகும். அவர்களுக்கு மட்டுமன்று, நமக்கும் காலம் குறுகியதே.