ஆஸ்டர்லி பார்க்கின் வாத்தியார்கள்

ஒரு தேர்தலில் எங்கள் வங்கிக் கிளையிலிருந்து நாலைந்து பேரை மைக்ரோ அப்சர்வராகப் போட்டுவிட்டார்கள். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, விடியற்காலையிலேயே ஒரு முனிசிபல் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தேன். வாசலில் காக்கி உடுப்பில் நின்றவரைப் போலீஸ்காரர் என்றுதான் நினைத்தேன். பேச்சுக் கொடுத்ததில், ஹோம் கார்டு. மற்ற நாட்களில் ஆட்டோ ஓட்டுகிறாராம். பயிற்சி யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சுபேதார் என்றார். "அவர் ஒரு விஷயம் சொன்னால் மறக்காது சாப், அடிபட்டவர்" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார்.

அந்த "அடிபட்டவர்" என்ற வார்த்தைதான் என்னை இந்தப் பதிவுக்குக் கொண்டுவந்தது. நம்மூரில் ஊர்க்காவல் படை என்கிறோமே, அது 1946 டிசம்பரில் பம்பாயில் ஆரம்பித்தது. பெயர் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே அந்தப் படைக்குத் தெருச் சண்டை சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் யார் என்று தேடிப் படிக்கப் போனால், கதை எங்கெங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது.

1940 மே மாதம். ஹிட்லரின் படை பிரான்சுக்குள் புகுந்துவிட்டது. மே 14-ஆம் தேதி இரவு ஆண்டனி ஈடன் வானொலியில் பேசினார்: 17 வயதிலிருந்து 65 வயது வரை உள்ள ஆண்கள் உள்ளூர்க் காவலுக்குப் பெயர் கொடுக்கலாம். அவர் பேசி முடிப்பதற்குள்ளேயே போலீஸ் ஸ்டேஷன் வாசல்களில் கூட்டம் கூடிவிட்டது என்பார்கள். ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேலே போய்விட்டது. கடைக்காரர், பள்ளி ஆசிரியர், தோட்டக்காரர், (சந்தேகமே வேண்டாம்) வங்கி குமாஸ்தா. ஆள் இருந்தது, துப்பாக்கி இல்லை. டன்கர்க்கில் ராணுவமே தளவாடங்களை விட்டுவிட்டு ஓடி வந்திருந்த நேரம். வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தவர் அதைக் கொண்டுவந்தார், இல்லாதவர் துடைப்பக் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நடை பழகினார். சொல்லிக்கொடுக்க வந்தவர்களோ பெரும்பாலும் முதல் உலகப் போரின் பழைய அதிகாரிகள். அவர்களுக்குத் தெரிந்தது அணிவகுப்பும் பதுங்குகுழியும். ஜெர்மன் டாங்கி உங்கள் கடைத்தெருவுக்குள் வந்தால் என்ன செய்வது என்று கேட்டால் பதில் இல்லை.

பதில் தெரிந்த ஒரு ஆள் இருந்தார். டாம் வின்ட்ரிங்ஹாம். ஆனால் அவரை ராணுவம் சேர்த்துக்கொள்ளவில்லை.

இவர் கதை கொஞ்சம் விசேஷமானது. 1898-இல் கிரிம்ஸ்பியில் பிறந்தவர். முதல் உலகப் போரில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகும் வேலை. பிறகு ஆக்ஸ்போர்டு, பிறகு கம்யூனிஸ்ட் கட்சி. 1925-இல் ராஜத்துரோகத்தைத் தூண்டியதாகக் கட்சித் தலைவர்களோடு சேர்த்து இவரையும் சிறையில் போட்டார்கள். 1936-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் வந்ததும் அங்கே போனார். சர்வதேசப் படையின் பிரிட்டிஷ் பட்டாலியனில் இயந்திரத் துப்பாக்கி கற்றுக்கொடுக்கும் வாத்தியாராக இருந்தவருக்கு, தளபதி பதவி தற்செயலாகத்தான் கிடைத்தது. முந்தைய தளபதியைச் சொந்தத் தோழர் ஒருவரின் கைத்துப்பாக்கி தவறுதலாக வெடித்துக் காயப்படுத்திவிட்டது!

1937 பிப்ரவரி 12, ஹராமா பள்ளத்தாக்கு. சுமார் 600 பேர் அந்தக் குன்றின் மேல் ஏறினார்கள். பலருக்குத் துப்பாக்கியைக் கையில் பிடித்தே சில வாரங்கள்தான் ஆகியிருந்தது. இயந்திரத் துப்பாக்கிக்குத் தப்பான தோட்டாக்கள் வந்து சேர்ந்தன. மூன்று நாளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் செத்தோ, காயப்பட்டோ, பிடிபட்டோ போனார்கள். இரண்டாம் நாளே வின்ட்ரிங்ஹாம் தொடையில் குண்டு வாங்கினார். அவர் பழக்கிய பையன்கள்தான் அங்கே செத்தார்கள். பயிற்சி இல்லாதவனைச் சண்டைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதை அவர் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை. குணமாகித் திரும்பிப் போய் மறுபடியும் அடிபட்டு, நாடு திரும்பினார். அடுத்த வருடம் கட்சியும் அவரை வெளியேற்றியது. கிட்டி பௌலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் காதலித்தார். கட்சிக்கு அந்தப் பெண்மேல் சந்தேகம். ஆக, ராணுவத்துக்கு அவர் கம்யூனிஸ்ட், கம்யூனிஸ்டுகளுக்கு அவர் துரோகி.

1940-இல் பிக்சர் போஸ்ட் பத்திரிகையில் படையெடுப்பை எப்படி எதிர்ப்பது என்று எழுத ஆரம்பித்தார். அந்தப் பத்திரிகை முதலாளி எட்வர்ட் ஹல்டனே பணம் போட, ஜூலை 10-ஆம் தேதி லண்டனின் மேற்கு ஓரத்தில் ஆஸ்டர்லி பார்க் மாளிகையில் ஒரு தனியார் போர்ப் பள்ளி திறந்தது. அரசாங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வங்கிக்காரனாக இங்கே ஒரு நிமிடம் நின்றுதான் போக வேண்டும். இந்த ஆஸ்டர்லி பார்க் ஒரு காலத்தில் நிக்கோலஸ் பார்பன் கையில் இருந்தது. லண்டன் பெருந்தீக்குப் பிறகு தீக்காப்பீட்டைத் தொழிலாக நடத்திக் காட்டிய ஆள். எஸ்டேட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார், கட்டவில்லை. 1713 வாக்கில் அது சைல்ட் குடும்பத்தின் வங்கிக்கு வந்து சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் சர் ராபர்ட் சைல்ட் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராகவும் இருந்தவர். பிறகு பெண் வழியில் ஜெர்சி பிரபுக்களுக்குப் போனது. வாராக்கடனில் வந்த மாளிகையில் புரட்சிக்காரர்கள் வகுப்பு எடுத்தார்கள்!

தோட்டத்தில் குழி தோண்டலாமா, கண்ணிவெடி வைக்கலாமா, குண்டு வீசலாமா என்று ஜெர்சி பிரபுவிடம் கேட்டார்களாம். எல்லாவற்றுக்கும் சரி என்றவர், வீட்டை மட்டும் வெடித்துவிடாதீர்கள், கொஞ்ச காலமாகக் குடும்பத்தில் இருக்கிறது என்றாராம்.

வாத்தியார்கள் பட்டியலைப் பாருங்கள். ஸ்பெயினிலிருந்து தப்பி வந்த சுரங்கத் தொழிலாளர்கள் டாங்கியை எப்படி நிறுத்துவது என்று காட்டினார்கள். 'யாங்க்' லெவி என்ற கனடாக்காரர், ஹராமாவில் பிடிபட்டு பிராங்கோவின் சிறையில் கிடந்து வந்தவர், கத்திச் சண்டையும் கெரில்லாப் போரும் சொல்லிக்கொடுத்தார். வில்ஃப்ரெட் வெர்னன் சமையலறைச் சாமான்களைப் போல வெடிமருந்து கலந்து காட்டினார் (1945-இல் இவர் பார்லிமெண்ட் உறுப்பினரே ஆகிவிட்டார்). ஓவியர் ரோலண்ட் பென்ரோஸ் உருமறைப்புப் பாடம் எடுத்தார். வகுப்பு தூங்காமல் இருக்க, புகைப்படக்காரர் லீ மில்லர் உடம்பெல்லாம் உருமறைப்புச் சாயம் பூசிக்கொண்டு வலைக்கடியில் படுத்திருக்கும் படத்தை நடுவில் காட்டுவாராம். சாயத்தைத் தவிர உடம்பில் வேறொன்றும் கிடையாது. உருமறைப்பு எந்த அளவுக்குப் பலித்தது என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

தெருச் சண்டைக்கு, எஸ்டேட்டில் இடிப்பதற்காக விட்டிருந்த வேலைக்காரர் வீடுகள் இருந்தன. தெருச் சண்டையின் முதல் பாடமே தெருவில் நடக்காதே என்பதுதான். தெரு எதிரிக்குச் சொந்தம். வீட்டுக்கு வீடு பொதுச் சுவரில் ஓட்டை போட்டு உள்ளாகவே போக வேண்டும். சன்னலில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அறைக்குள் பின்னே தள்ளி, நிழலில் இருந்து சுட வேண்டும். முடிந்தால் மாடியில் புகுந்து கீழே இறங்க வேண்டும். மேலே இருப்பவனுக்குக் குண்டைக் கீழே உருட்டிவிடுவது சுலபம். இதையெல்லாம் அணிவகுப்பு மைதானத்தில் கற்றுக்கொடுக்க முடியாது. சுவர் வேண்டும், அதை உடைக்கவும் வேண்டும்.

இரண்டு நாள் வகுப்புதான். முதல் மூன்று மாதங்களில் சுமார் 5000 பேர் வந்து போனார்கள். அவர்கள் ஊருக்குப் போய்த் தங்கள் ஆட்களுக்கு வாத்தியார் ஆனார்கள்.

லண்டனில் அதே வேலையைச் செய்த இன்னொரு சார்ஜெண்டை நமக்கு நன்றாகத் தெரியும்: ஜார்ஜ் ஆர்வெல், நம் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். 1937 மே மாதம் பார்சிலோனாவில் ஒரு சினிமாக் கொட்டகையின் மொட்டை மாடியில் துப்பாக்கியோடு காவல் இருந்த அனுபவத்தில், தெருச் சண்டை பற்றி வகுப்பெடுத்தார். அதற்காக அவர் எழுதி வைத்த குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. ஒரு முறை பயிற்சி பீரங்கியில் தவறான குண்டைப் போடச் சொல்லி, ஒருவருக்குப் பல் போய், இன்னொருவர் மயங்கி விழுந்தார். வாத்தியாரும் மனிதர்தானே.

போர் அலுவலகத்துக்கு இந்தப் பள்ளி பிடிக்கவில்லை. இடதுசாரிகள் கையில் ஆயுதப் பயிற்சியா என்ற பயம். மூடினால் பத்திரிகைகள் விடாது. அதனால் 1940 செப்டம்பரில் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் ஆஸ்டர்லி மூடப்பட்டு, பாடங்கள் அரசாங்கப் பள்ளிகளுக்குப் போயின. பாடம் வேண்டும், வாத்தியார் வேண்டாம். 1941-இல் வின்ட்ரிங்ஹாம் விலகிக்கொண்டார். இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு: கம்யூனிஸ்டுகளும் பாசிஸ்டுகளும் சேரக் கூடாது என்ற விதியைக் காட்டி, ஹோம் கார்டில் ஒரு சாதாரண உறுப்பினராகக்கூட அவரைச் சேர்க்கவே இல்லை. கட்சி அவரைத் துரத்தி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தும். விதி விதிதான் என்று சொல்லும் மேலதிகாரிகளை நானும் பார்த்திருக்கிறேன். நானே சில சமயம் சொல்லியும் இருக்கிறேன்.

ஜெர்மானியர்கள் இங்கிலாந்தில் இறங்கவே இல்லை. அதனால் அந்த 5000 பேரின் பாடம் வீணா என்று கேட்கலாம். 1943 டிசம்பரில் இத்தாலியின் ஆர்டோனா நகரில் கனடா வீரர்கள் ஜெர்மன் பாராசூட் படையோடு ஒரு வாரம் வீடு வீடாகச் சண்டை போட்டார்கள். தெருவில் காலை வைக்க முடியாமல், சுவரில் வெடி வைத்து ஓட்டை போட்டு, வீட்டிலிருந்து வீட்டுக்கு உள்ளாகவே முன்னேறினார்கள். பக்கத்தில் வில்லா கிராண்டேயில் அதே நாட்களில் நம் 8-ஆவது இந்திய டிவிஷன் மாட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்டர்லியில் சொன்ன அதே பாடம்தான். அதற்குள் அது ராணுவத்தின் சொந்தப் பாடமாகிவிட்டிருந்தது.

ஹோம் கார்டை 1944 டிசம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வின்ட்ரிங்ஹாம் 1949 ஆகஸ்டில் மாரடைப்பில் போனார், வயது 51. அதே வருடம் ஜெர்சி பிரபு ஆஸ்டர்லி பார்க்கை நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார். லண்டனில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் போனால், பிக்காடிலி லைனில் ஆஸ்டர்லி ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம்தான். உள்ளே ராபர்ட் ஆடம் அலங்கரித்த கூடங்களை எல்லோரும் காட்டுவார்கள். வெர்னன் வெடிமருந்துப் பாடம் எடுத்த இடம் எது என்று கேட்டுப் பாருங்கள்.