அனுப்பர்பாளையம் வட்டார அரசுப் பள்ளிகள்: நிதிப் பங்கீடு

திருப்பூர் மாநகராட்சியில் அவிநாசி சாலையையொட்டிய அனுப்பர்பாளையம், பாத்திரத் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். சுற்றுவட்டாரத்தில் பனியன் கம்பெனிகள் பெருகியபின், தென் மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் பிழைப்புக்காக வருகின்றன. அவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியே போக்கிடம். அரசு நிதியோ தலைக்கணக்கைப் பார்த்தே வருகிறது.

2018இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் ஆண்டுதோறும் பள்ளி மானியம் வழங்குகிறது. மின்கட்டணம், குடிநீர், தூய்மைப் பணி, சிறு பழுதுபார்ப்பு எல்லாம் இதில்தான் நடக்க வேண்டும். அத்திட்டத்தின் நெறிமுறைப்படி உச்சவரம்பு 30 மாணவர்கள்வரை 10,000 ரூபாய். 100 பேர்வரை 25,000. 250 பேர்வரை 50,000. 1,000 பேர்வரை 75,000. அதற்குமேல் 1 லட்சம். வகுத்துப் பார்த்தால் 30 பேர் படிக்கும் பள்ளியில் பிள்ளைக்கு 333 ரூபாய், 250 பேர் பள்ளியில் 200, 1,000 பேர் பள்ளியில் வெறும் 75. சிறிய பள்ளிக்கும் அடிப்படைச் செலவு உண்டு. அதன் பங்கைக் குறைக்கச் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் பிள்ளைகள் புழங்கும் கழிப்பறைக்கு இந்தத் தொகை போதவே போதாது. தொழில் நகரங்களின் நெரிசல் மிகுந்த பள்ளிகளுக்கே இந்த அடி பலமாக விழுகிறது.

ஆசிரியர் பணியிடக் கணக்கு இதைவிடக் கடுமையானது. கல்வி உரிமைச் சட்டம் (2009) தொடக்க நிலையில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. தமிழகத்தில் ஆகஸ்ட் 1ஆம் தேதி வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையைக் கொண்டே பணியிடம் நிர்ணயமாகிறது. தீபாவளிக்குப்பின் பெற்றோருடன் வந்து சேரும் பிள்ளை, அந்த ஆண்டு கணக்கில் இல்லாத பிள்ளை.

ஒன்றியமும் மாநிலமும் 60:40 விகிதத்தில் பகிரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், 2024–25ஆம் ஆண்டுக்கான ஒன்றியப் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய் தமிழகத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததே காரணம். 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. கொள்கைச் சண்டைக்குப் பிள்ளைகளின் பங்கைப் பிணையாக்கியது அநீதி.

2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் நன்கொடைக்கு வழிவிடுகிறது. ஏற்றுமதி நிறுவனங்கள் நிறைந்த திருப்பூருக்கு இது வரமே. எனினும் கொடையாளர் கண்ணில் படும் பள்ளிக்கே கட்டடம் எழும். ஆகவே மாணவர் தலைக்கணக்கை ஆண்டுக்கு இருமுறை, ஆகஸ்டிலும் ஜனவரியிலும் எடுத்தால், இடையில் சேர்ந்த பிள்ளைக்கும் நன்கொடைக்குக் காத்திராமல் அரசுப் பங்கு கிடைக்கும்.